அரிசியளவு கொம்பு

அஸ்தம்பட்டி, பல் லேபின் பின்அறை. ஜன்னல் இல்லை.
ஞாயிறு என்பதால் ஷட்டர் பாதி இறக்கியிருக்கிறது.
ஆறடிக்கு நாலடி ப்ளைவுட்,
மேலே சாம்பல் பூசிய மணல்.
சுரங்கச் சாலையோரம் பொறுக்கிய வெள்ளைக்கற்கள்
இன்றைக்கு மட்டும் இடிந்த கோட்டை.

ஜெசிந்தா ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள்.
மடியில் முறுக்கு டின்,
உள்ளே பஞ்சில் சுற்றிய நாற்பத்திரண்டு பேய்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
டின்னை நேராகவே பிடித்திருந்தாளாம்.
பக்கத்து சீட்டுக்காரர்
என்ன பலகாரம் என்று கேட்டாராம்.

என் படை சிவப்பு.
வாரமெல்லாம் ஊராருக்குப் பல் கட்டுகிறவன் நான்.
அதே தூரிகையால், அதே பூதக்கண்ணாடிக்கு அடியில்,
ஒவ்வொரு பேய்க்கும் கடைவாய்ப்பல் வரை வைத்தேன்.
யாரும் அதுவரை குனிந்து பார்க்கப்போவதில்லை.

அவள் படை பாசி நிறம்.
சீழ், புழு, சரிந்த வயிறு.
மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரைப் பார்த்துக்
கலந்த பச்சை என்றாள்.

இதில் நல்லவர் பக்கம் என்று ஒன்று கிடையாது.
தேவர்கள் இல்லை, தேரோட்ட யாரும் வரவில்லை.
ஒரு நரகத்துக்கும் அடுத்த நரகத்துக்கும்
வாய்க்கால் தகராறு, அவ்வளவுதான்.

முதல் இரண்டு சுற்று எனக்கு.
என் நாய்கள் பாய்ந்து அவள் இடது அணியைத் தின்றன.
மூன்றாவதில் கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் அளந்தோம்.
டேப்பின் எஃகு நாக்கு
இரண்டு படைக்கும் நடுவில் நடுங்கியது.
"எட்டரை" என்றாள்.
என் கண்ணுக்கு எட்டு.
வாதாடவில்லை. பகடையில் விழுந்தது எட்டு.
அரை அங்குலம் தள்ளி நின்றுவிட்டார்கள் என் ஆட்கள்.
அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

பிறகு அவளுடையவை சாகவே இல்லை.
வெட்டினால் மூடிக்கொண்டன,
குத்திய ஆயுதத்தையும் சேர்த்து.

ஐந்தாம் சுற்றில் மிச்சம் என் கூளிக்கோன்,
இரும்புச் சிறகு, மூன்று மாத வேலை,
பல் முப்பத்திரண்டு.
இரண்டு பகடையிலும் ஒன்று விழாமல் இருந்தால் போதும்.
முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு.
ஒன்று வெள்ளைக்கல்லில் முட்டி நின்றது: ஒன்று.
மற்றது பலகை விளிம்புவரை போய்,
யோசித்து,
திரும்பிப் படுத்தது.
நான் குனிந்து பார்ப்பதற்குள்
அவள் மூச்சு சொல்லிவிட்டது.

பேய்கள் சாவதில்லை என்கிறது விதிப்புத்தகம்,
குலைந்தால் வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.
என்னுடையவை ஸ்பாஞ்சு வெட்டிய பெட்டிக்குத் திரும்பின,
ஒவ்வொன்றாக, என் கையாலேயே.

போருக்குத் தும்பை சூடு, வென்றால் வாகை என்றார்கள்;
தோற்றவன் தலைக்குப் பூ எதையும் சொல்லவில்லை.
அவனுக்கென்று இருந்தது ஒரே ஆறுதல்,
அறம் தோற்றது என்று சொல்லிக்கொள்ளலாம்,
சூது, சாபம், சகுனம் என்றும் சொல்லலாம்.
எனக்கு அதற்கும் வழியில்லை.
ஒரு கெட்டது
தன்னைவிடப் பொறுமையான கெட்டதிடம் தோற்றது.

தோற்றவர் தட்டுவடை செட் வாங்கவேண்டும், ஒப்பந்தம்.
நாலு ரோட்டில் நின்று தின்றோம்.
பீட்ரூட் துருவல் பட்டு
என் படையின் நிறம் அவள் விரலில்.
"உன் கோன் அழகு" என்றாள்.
ஜெயித்தவர் வாயிலிருந்து வந்தால்
அழகு என்ற சொல்லிலும் காரச் சட்னி இருக்கிறது.
"கடைவாய்ப்பல்லைக்கூட விடலியே நீ."
"எப்போ பார்த்தே?"
"கரண்ட் போனப்போ. நீ டேப்பைப் பார்த்துட்டிருந்தே."

ஐந்தரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.
மணலைக் கூட்டும்போது அது கிடைத்தது.
அரிசியளவு கொம்பு, நுனியில் அந்தப் பச்சை.
எந்தப் பேயுடையது என்று எனக்குத் தெரியும்,
என் நாய்கள் கடித்த இடது அணி, இரண்டாவது வரிசை.

பஸ் இப்போது பதினோராவது வளைவில் இருக்கும்.
டின் நேராகத்தான் இருக்கும்.

நாளைக்குப் போகவேண்டிய பற்களுக்குப் பக்கத்தில்
டிராயரில் வைத்திருக்கிறேன்.
கேட்டால் கொடுப்பேன்.